‘ஒரு’ என்று எழுதிய பென் டிரைவ்

மாமாவின் அச்சகத்தில் முன்மேசை மீது ஓர் எவர்சில்வர் தட்டு இருக்கிறது. வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவ்கள் அதில்தான் வந்து விழும். கல்யாணப் பத்திரிகைக்கான படம், கல்லூரி மாணவியின் ஆய்வேடு, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்காக அழுத கண்ணோடு யாரோ எடுத்துவந்த பழைய புகைப்படம். முகூர்த்த மாதங்களில் ஒரே நாளில் முப்பதுக்கும் மேல் சேர்ந்துவிடும். ஒன்றுக்கொன்று மாறிவிடாமல் இருக்கப் பெயரெழுதிய துண்டுக் காகிதத்தைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுவைப்பார்கள்.

அங்குள்ள நான்கு கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வேலை பார்க்கும் ஊரிலிருந்து மாதம் இருமுறை இதற்காகவே வருகிறேன். அந்த அச்சகத்து வருமானத்தில்தான் நான் படித்தேன். அதில் ஒரு கணினி படுத்துவிட்டது என்று போன் வந்தால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வராது.

பென் டிரைவ் வழியாக வைரஸ் வரும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பழகிய செய்தி. கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டுகளாக மாறிக் கிடக்கும் அந்த வைரஸைப் பார்க்காத ஜெராக்ஸ் கடை தமிழ்நாட்டில் இருக்க முடியாது. செருகியதும் தானாக ஓடும் வசதியை விண்டோஸ் 7 வந்தபோதே மைக்ரோசாஃப்ட் பென் டிரைவ்களுக்கு நிறுத்திவிட்டது. 2011இல் பழைய பதிப்புகளுக்கும் அதை விரிவாக்கியது. அதன்பிறகு, செருகியதும் ஸ்கேன் செய்வது, தெரியாத கோப்பைத் திறக்காமல் இருப்பது என்ற இரண்டு பழக்கங்களே போதும் என்று நம்பியிருந்தேன். பென் டிரைவில் ஆபத்து இருந்தால் அது ஒரு கோப்பாகத்தான் இருக்கும் என்பது அந்த நம்பிக்கையின் அடித்தளம். அந்த அடித்தளத்தை ஒரு கடிதம் ஆட்டிவிட்டது.

கடிதம் எனக்கு வந்ததல்ல. 2020 மார்ச்சில் அமெரிக்காவில், விருந்தோம்பல் துறையைச் சேர்ந்த ஒரு நிறுவனத்துக்குத் தபாலில் வந்தது. பெஸ்ட் பை என்ற மின்னணுப் பொருள் கடையின் பெயரில், நீண்டகால வாடிக்கையாளருக்கு நன்றி சொல்லி, 50 டாலர் பரிசு அட்டையும் கூடவே ஒரு பென் டிரைவும் வைத்திருந்தார்கள். அந்த 50 டாலருக்கு என்னென்ன பொருள் வாங்கலாம் என்ற பட்டியல் பென் டிரைவில் இருக்கிறதாம். டிரஸ்ட்வேவ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்து ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது அது பென் டிரைவே இல்லை என்று தெரிந்தது. மாணவர்கள் பயிற்சிக்கு வாங்கும் ஆர்டுயினோ பலகைகளில் இருக்கும் அதே வகைச் சில்லு உள்ளே இருந்தது. கணினியில் செருகியதும் அது தன்னை ஒரு விசைப்பலகை என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, கட்டளைகளை மளமளவென்று தட்டச்சு செய்து, இணையத்திலிருந்து தீநிரலை இறக்கியது. இதன் பின்னால் இருந்தது ஃபின்7 என்ற குற்றக் கும்பல் என்று எஃப்.பி.ஐ. எச்சரித்தது. சில பொட்டலங்களில் கரடிப் பொம்மைகூட வைத்து அனுப்பியிருந்தார்கள். 2022 ஜனவரியில் மறுபடியும் எச்சரிக்கை வந்தது. இந்த முறை அமெரிக்க சுகாதாரத் துறை கொரோனா வழிகாட்டுதல் அனுப்புவதுபோல ஒன்று, அமேசான் பரிசுப் பெட்டி போல இன்னொன்று.

இதைப் படித்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தது அந்த எவர்சில்வர் தட்டுதான்.

ஸ்கேன் செய்ய அங்கே கோப்பே கிடையாது. விசைப்பலகையை எந்த வைரஸ் தடுப்பு மென்பொருளும் ஸ்கேன் செய்வதில்லை. அது மனிதக் கையின் நீட்சி என்று கணினி நம்புகிறது. கணினியின் உலகத்தில் மிக உயர்ந்த அதிகாரம் விசைப்பலகை முன் உட்கார்ந்திருப்பவருக்குத்தான். அந்த இருக்கையில் யார் இருக்கிறார் என்று கணினி எட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு யுஎஸ்பி கருவியைச் செருகியதும் கணினி அதனிடம் கேட்கும் முதல் கேள்வி, நீ யார் என்பது. கருவி என்ன சொல்கிறதோ அதுதான் பதில். சான்று எதுவும் கேட்பதில்லை. சேமிப்புக் கருவிக்கு 8 என்ற எண், அச்சுப்பொறிக்கு 7, விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் 3. ஒரே கருவி இரண்டு மூன்று எண்களைச் சேர்த்தும் சொல்லலாம். இது திருட்டுக்காக விட்டுவைத்த ஓட்டை அல்ல. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண் கையில் வைத்திருக்கும் பார்கோடு ஸ்கேனர்கூடத் தன்னை விசைப்பலகை என்றுதான் பெரும்பாலும் சொல்லிக்கொள்கிறது. சோப்புக் கட்டியின் மேல் ஒளி பட்டதும் அதன் எண்களை யாரோ தட்டச்சு செய்ததுபோலக் கணினிக்கு அனுப்பி, கடைசியில் எண்டரையும் தானே அழுத்துகிறது. பரோடாவில் படித்த அஜய் பட் உள்ளிட்ட இன்டெல் பொறியாளர்கள் தொண்ணூறுகளில் இந்த முறையை வடிவமைத்தபோது, கருவிக்கொரு செருகி, அதை இயக்க ஒரு டிரைவர் மென்பொருள் என்றிருந்த தொல்லையைத் தீர்ப்பதுதான் நோக்கம். 1996இல் முதல் பதிப்பு வந்தது. செருகினால் வேலை செய்ய வேண்டும் என்ற அந்த எளிமையை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த எளிமையை மற்றவர்களும் கவனித்தார்கள். 2010இல் ஹாக்5 என்ற அமெரிக்க நிறுவனம் ‘ரப்பர் டக்கி’ என்ற பெயரில் இப்படியொரு கருவியைப் பாதுகாப்புச் சோதனையாளர்களுக்காக விற்பனைக்கே கொண்டுவந்தது. 2014 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹேட் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், பெர்லினைச் சேர்ந்த கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்ற இருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தனியாகக் கருவி செய்யத் தேவையில்லை, கடையில் வாங்கும் சாதாரணப் பென் டிரைவை உள்ளிருந்து இயக்கும் உள்நிரலையே மாற்றி எழுதி அதை விசைப்பலகையாக நடிக்க வைக்கலாம் என்று காட்டினார்கள். ‘பேட் யுஎஸ்பி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். உள்நிரல் இருக்கும் இடத்தை வைரஸ் தடுப்பு மென்பொருளால் பார்க்க முடியாது. பார்மேட் செய்தாலும் அது போகாது. 2019இல் இதே வேலையைச் செய்யும் சார்ஜர் கேபிளும் வந்துவிட்டது. பார்வைக்கு அது வெறும் போன் கேபிள்.

படித்தால் மட்டும் போதாது, மாமாவுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு டிஜிஸ்பார்க் என்ற சிறு மின்னணுப் பலகை ஒன்றை வாங்கினேன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதன் ஒரு முனையே யுஎஸ்பி செருகி. அதில் நான் எழுதியது தீங்கில்லாத சின்ன நிரல்: விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்து, நிரலின் பெயரை அடித்துத் திறக்கும் ரன் பெட்டி வந்ததும், கட்டளைத் திரையின் பெயரான சி, எம், டி என்பதை அடித்து எண்டர் தட்டு, வரும் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வணக்கம் எழுது. வீட்டில் என் மடிக்கணினியில் செருகினேன். ஐந்து நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெட்டி திறந்தது, கறுப்புத் திரை வந்தது, வணக்கம் வந்துவிட்டது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வைரஸ் தடுப்பு மென்பொருள் மூச்சு விடவில்லை. அது கோபப்பட அங்கே ஒன்றும் நடக்கவில்லையே. யாரோ தட்டச்சு செய்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அச்சகத்துக்கு எடுத்துப்போனேன். அங்கே தட்டச்சு செய்யும் அக்கா இருபத்தைந்து வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறார். அவர் அப்போது ஒரு மணிவிழாப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தார். மாமாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்து, அக்காவின் கணினியில் பலகையைச் செருகினேன். ஐந்து நொடி. ரன் பெட்டி திறந்தது. அதற்குள் கறுப்பு எழுத்தில் ‘ஒரு’ என்று வந்தது. ‘ஒரு’ என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை, பெயரைச் சரியாக எழுதினீர்களா பாருங்கள் என்று விண்டோஸ் சொன்னது. மிச்ச எழுத்துகள் அந்தப் பிழைப்பெட்டியில் மோதி வீணாகிப்போயின.

எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. “தம்பி, தமிழ்99இல் சி, எம், டி அடித்தால் ‘ஒரு’தானே வரும்? ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அடிக்கிறேனே!” என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில், ஆங்கில சி இருக்கும் இடத்தில் ஒ, எம் இடத்தில் ர, டி இடத்தில் உ. மெய்யை அடுத்து உயிரை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து உயிர்மெய்யாகும் என்பதால் ரவும் உவும் ரு ஆகிவிடுகின்றன. இதில் ஒரு பெரிய உண்மை ஒளிந்திருக்கிறது. விசைப்பலகை கணினிக்கு அனுப்புவது எழுத்தை அல்ல, இடத்தை. எட்டு பைட்டுகள் கொண்ட ஒரு சின்னச் சீட்டில், ஷிஃப்ட், கண்ட்ரோல் போன்றவை அழுத்தப்பட்டிருக்கின்றனவா என்பது முதல் பைட்டில் இருக்கும். எந்த எண்ணுள்ள விசைகள் கீழே இருக்கின்றன என்பது கடைசி ஆறு பைட்டுகளில். ஆங்கில ஏ இருக்கும் விசையின் எண் 4. அந்த 4ஐ ஏ என்று படிப்பதா, அ என்று படிப்பதா என்பதைக் கணினிதான் முடிவு செய்கிறது. திருடன் ஆங்கிலத்தில் அடித்தான், அக்காவின் கணினி அதைத் தமிழில் படித்தது.

மாமா முகம் மலர்ந்துவிட்டது. “அப்படியானால் தமிழே நம்மைக் காப்பாற்றிவிட்டது, பிறகென்ன?” என்றார். அந்தச் சந்தோஷத்தைக் கலைக்க எனக்கு மனமில்லைதான். ஆனாலும் சொல்ல வேண்டியிருந்தது. கோப்புக்குப் பெயர் வைக்க, வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்ய, மின்னஞ்சல் பார்க்க என்று நாளில் பாதி நேரம் அந்தக் கணினி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. பிரெஞ்சு, ஜெர்மன் விசைப்பலகைகளுக்கென்று இந்தக் கருவிகளில் தனித்தனி அட்டவணைகளே இருக்கின்றன. நாளைக்குத் தமிழ்99க்கும் ஒருவன் எழுதிக்கொள்ளலாம். அன்றைக்குத் தற்செயல் நம் பக்கம் இருந்தது. தற்செயலைப் பூட்டாக்க முடியாது.

தெரியாத பென் டிரைவைச் செருகாதே என்ற அறிவுரையை எல்லா எச்சரிக்கைகளிலும் படிக்கிறேன். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 பென் டிரைவ்களைப் போட்டுவைத்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வின்படி, அவற்றில் 45 சதவீதத்தில் இருந்த கோப்புகளை யாரோ திறந்துவிட்டார்கள். முதலாவது ஆறு நிமிடத்துக்குள் திறக்கப்பட்டது. இதைக் காட்டி மக்களை முட்டாள்கள் என்று பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. எடுத்தவர்களில் பலர் உரியவரிடம் சேர்ப்பதற்காகத்தான் திறந்தார்கள். எங்களைப் போன்ற அச்சகம், ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், ஸ்டூடியோ ஆகியவற்றுக்குத் தெரியாதவரின் பென் டிரைவைச் செருகுவதுதான் தொழிலே. செருகாதே என்று எங்களுக்குச் சொல்வது கடையைச் சாத்து என்று சொல்வதற்குச் சமம். செருகினாலும் கெடுதல் வராமல் இருக்க வழி என்ன என்பதுதான் எங்கள் கேள்வி.

முதலில் என்னைக் கவர்ந்தது வேகத்தை அளக்கும் வழி. 2020 மார்ச்சில், அந்தப் பரிசுக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்த அதே மாதத்தில், கூகுள், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்துக்காக ஒரு சிறிய காவல் நிரலை வெளியிட்டது. ஒவ்வொரு விசைக்கும் இடையிலான நேரத்தை அளந்து, மனிதக் கையால் முடியாத வேகம் என்றால் அந்தக் கருவியை வெட்டிவிடும். தட்டச்சுப் பள்ளியில் ஆங்கில ஹையர் தேர்வு எழுதியவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். நிமிடத்துக்கு 45 சொல் என்றால் 225 தட்டுகள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே கால் நொடிக்கும் சற்று அதிகம். போலி விசைப்பலகைக்கோ அந்த இடைவெளி சில மில்லிநொடிகள்தான். அழகான யோசனை. ஆனால் திருடன் நிதானமாக அடிக்கக் கற்றுக்கொண்டால் தோற்றுப்போகும். அதை எழுதியவர்களே இது முழுமையான காவல் அல்ல என்று நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரம் இலவசமாகத் தரும் ‘யுஎஸ்பி பிரதிரோத்’ மென்பொருளையும் பார்த்தேன். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய நல்ல கருவி. ஆனால் அது கட்டுப்படுத்துவது சேமிப்புக் கருவிகளை, அதாவது 8ஆம் எண்ணை. எங்கள் கவலை 3ஆம் எண்.

விண்டோஸ் கணினிகளில் நான் செய்ததிலேயே அதிகப் பயன் தந்தது மிகச் சாதாரணமான ஒன்று. அதுவரை நான்கு கணினிகளிலும் எல்லோரும் நிர்வாகிக் கணக்கிலேயே வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் கணக்கில் முக்கியமான மாற்றம் ஏதாவது நடக்கும்போது விண்டோஸ் ஆமா, இல்லையா என்று மட்டும்தான் கேட்கும். ஆமாம் என்பதைப் போலி விசைப்பலகையே அழுத்திவிட்டுப் போகும். சாதாரணக் கணக்குக்கு மாற்றிவிட்டால் அந்த இடத்தில் கடவுச்சொல் கேட்கும். அது திருட்டுக் கருவிக்குத் தெரியாது. அக்காவின் கோப்புகளுக்கு அப்போதும் ஆபத்து உண்டு, கணினி முழுவதும் பறிபோகாது. எழுந்து போகும்போது விண்டோஸ் விசையோடு எல் விசையை அழுத்தித் திரையைப் பூட்டும் பழக்கத்தையும் எல்லோருக்கும் ஏற்படுத்தினேன். பூட்டிய திரை முன்னால் போலி விசைப்பலகைக்குச் செய்ய அதிகம் இல்லை.

இவை எல்லாம் சேதத்தைக் குறைக்கும் வழிகள். கதவிலேயே நிறுத்த எனக்குக் கிடைத்தது லினக்ஸும் ‘யுஎஸ்பி கார்ட்’ என்ற கட்டற்ற மென்பொருளும். செருகப்பட்ட ஒவ்வொரு கருவிக்கும் லினக்ஸில் அனுமதிக்கப்பட்டதா என்று குறிக்க ஓர் இடம் உண்டு. அதில் 0 இருக்கும்வரை கருவி வெறும் உலோகம். ரெட் ஹாட் நிறுவனத்தில் உருவான யுஎஸ்பி கார்ட், நாம் எழுதிவைத்த விதிகளைப் பார்த்து அந்த 0ஐ 1 ஆக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. ‘8ஆம் எண்ணை மட்டும் சொல்லும் கருவியை உள்ளே விடு, வேறு எந்த எண்ணைச் சேர்த்துச் சொன்னாலும் விடாதே’ என்று ஒரே வரியில் எழுத முடிகிறது. முதலில் பென் டிரைவாக நடித்துவிட்டு இரண்டு நிமிடம் கழித்து விசைப்பலகையாக மாறும் தந்திரமும் இங்கே பலிக்காது. மாறுவதற்கு அது ஒருமுறை துண்டித்து மறுபடி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அந்த அறிமுகத்துக்கும் இதே விதிதான்.

முதல் நாள் அதை நிறுவியபோது நடந்ததை எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். இருக்கும் கருவிகளின் பட்டியலை எடுத்து விதியாக்கும் கட்டளையை ஓட்டாமலே காவலைத் தொடங்கிவிட்டேன். மாட்டியிருந்த யுஎஸ்பி விசைப்பலகையும் மவுஸும் அந்த நொடியே செத்துப்போயின; காவலுக்கு அவையும் அந்நியர்கள். வலைப்பின்னல் வழியாக என் மடிக்கணினியிலிருந்து உள்ளே போய்த்தான் மீட்டேன். பட்டியலை முதலில் எடுக்க வேண்டும், காவலை அதன்பிறகுதான் தொடங்க வேண்டும்.

இதற்காக மாமா மூலையில் போட்டிருந்த பழைய கணினியை எடுத்துக்கொண்டேன். அதன் பின்புறத்தில் ஊதா நிறத்தில் ஒன்று, பச்சை நிறத்தில் ஒன்று என்று இரண்டு வட்டத் துளைகள் இருந்தன. பழைய பிஎஸ்/2 விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் உரியவை அவை. அவற்றில் பழைய ஜோடியையே மாட்டினேன். இந்தக் கணினியில் விசைப்பலகை யுஎஸ்பி வழியாக வரவே தேவையில்லை என்பதால், 3ஆம் எண்ணை ஒட்டுமொத்தமாக மறுக்க முடிந்தது. இது சின்ன விஷயம் அல்ல. யுஎஸ்பி விசைப்பலகை ஒன்றை நம்பிக்கைக்குரியது என்று விதியில் எழுதினால், அதன் தயாரிப்பாளர் எண்ணையும் மாடல் எண்ணையும் திருட்டுக் கருவி அப்படியே சொல்லிவிட முடியும். விசைப்பலகைகளுக்குப் பெரும்பாலும் வரிசை எண்ணும் இருப்பதில்லை. அப்படிப்பட்ட கணினியில் எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதையும் விதியில் சேர்த்துக் கட்ட வேண்டும்.

இப்போது எல்லாப் பென் டிரைவும் அந்தப் பழைய கணினிக்குத்தான் போகின்றன. கோப்புகள் அங்கே ஸ்கேன் ஆகி, வலைப்பின்னலில் ஒரு பொதுக் கோப்புறைக்கு வருகின்றன. மற்ற நான்கு கணினிகளின் முன்பக்க யுஎஸ்பி துளைகளுக்குப் போகும் வயரைக் கேபினட்டுக்குள் கழற்றிவிட்டேன். கைபேசியை நேரடியாக இணைப்பதில்லை. அதையும் விசைப்பலகையாக நடிக்க வைக்க முடியும் என்பதால் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறோம். கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கொள்கிறேனே என்று கேபிளோடு வருபவருக்குச் சுவரில் இருக்கும் பிளக்கைக் காட்டுகிறார்கள்.

பென் டிரைவுக்கு ஓர் ஆள் எழுந்து போக வேண்டியிருப்பதால் முகூர்த்த நாட்களில் முணுமுணுப்பு வருகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பாரத்தை ஒரு சிறு அச்சகத்தின் மேல் சுமத்தியது யார் என்றும் கேட்க வேண்டும். புதிய கருவி வந்திருக்கிறது, அனுமதிக்கலாமா என்று 2022இலிருந்து ஆப்பிள் தன் புதிய மடிக்கணினிகளில் கேட்கிறது. 2014இலேயே ஜி டேட்டா என்ற ஜெர்மன் நிறுவனம், புதிய விசைப்பலகை வந்தால் உங்களைக் கேட்டுவிட்டு விடும் சிறு மென்பொருளை விண்டோஸுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஒரு கேள்வி கேட்பது அவ்வளவு கடினமான காரியம் அல்ல. எங்களைப் போன்ற கடைகளில் இருப்பதெல்லாம் விண்டோஸ். புதிதாக வந்த விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அந்த விண்டோஸ் இன்றுவரை தானாகக் கேட்பதில்லை.

போன மாதம் அந்தப் பழைய கணினி ஒரு பென் டிரைவைத் திருப்பி அனுப்பியது. மாமா போன் செய்து, வாடிக்கையாளர் நிற்கிறார், பென் டிரைவ் எடுக்கவில்லை என்றார். பதிவேட்டைப் பார்த்தேன். 8 இல்லை, 3 மட்டும் இருந்தது. பொருளைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். பளபளப்பான காகிதத்தில் செய்த விளம்பர அட்டை, ஓர் ஓரத்தை மடக்கினால் யுஎஸ்பி செருகியாக மாறும். செருகினால் தானே ரன் பெட்டியைத் திறந்து நிறுவனத்தின் இணைய முகவரியைத் தட்டச்சு செய்து பக்கத்தைக் காட்டும். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, வெறும் விளம்பரம். அதேபோல் ஐந்நூறு அட்டை அடித்துத் தர முடியுமா என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார்.

மாமா போனைக் கீழே வைக்காமலே அவரிடம் பேசியது எனக்குக் கேட்டது. “அட்டை அடித்துத் தருகிறேன் சார். இந்தச் செருகி மட்டும் வேண்டாம். இது செய்வதைத்தான் திருடனும் செய்கிறான். நாளைக்கு உங்கள் பெயரில் ஒருவன் இதையே அனுப்பினால் வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. அதே இடத்தில் க்யூஆர் கோடு போட்டுவிடுகிறேன், விலையும் குறையும்.” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு எந்த காகிதம், எத்தனை ஜிஎஸ்எம் என்ற பேச்சு தொடங்கியது. மாமா போனை வைத்துவிட்டார். மாலையில் அக்கா ப்ரூஃப் எடுத்து எனக்கும் ஒரு படம் அனுப்பினார்.